அண்ணன் பெயரில் ஏறிய வரி

நல்லூரில் நான் கணக்கு எழுதிய எம்ப்ராய்டரி யூனிட்டின் முதலாளி, ஒரு ஜூன் மாதக் காலையில், ஆறு பேர் பார்க்க என்னைத் திருடி என்று சொன்னார். அந்தச் சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. எங்கள் தென்மாவட்டத்தில் என்றால் அந்தச் சொல்லோடு இன்னும் இரண்டு சேர்ந்து வந்திருக்கும். நானும் பதிலுக்கு மூன்று சொல்லியிருப்பேன். இந்த ஊரில் ஒருவரை அறுக்கும்போதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ‘ங்க’ போடுகிறார்கள். அதற்கு எப்படிப் பதில் சொல்வதென்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

“அம்மிணி, சித்த இங்க வாங்க” என்று கூப்பிட்டார். மேசைமேல் ஆடிட்டர் அனுப்பியிருந்த வருடக் கணக்கு கிடந்தது. அதில் ஒரு வரியின் கீழ் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருந்தார்.

“இது என்னங்க, டி.டி.எஸ். வரவேண்டியது, அறுவத்தி ரெண்டாயிரம்?”

சொன்னேன். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு நாங்கள் பூ வேலை செய்து கொடுத்து ஒரு லட்சத்துக்குப் பில் போட்டால், அவர்கள் அதில் ஆயிரம் ரூபாயை வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புவார்கள். பிடித்ததை முதலாளியின் பான் எண்ணில் அரசாங்கத்துக்குக் கட்டிவிட வேண்டும். வருட முடிவில் அது அவருடைய வரியில் கழியும்; மிஞ்சினால் திரும்பி வரும். அதனால் பணம் வந்த அன்று புத்தகத்தில் பேங்குக்கு வந்தது இவ்வளவு, பிடித்த வரி இவ்வளவு என்று தனித்தனியாக எழுதி, இரண்டையும் சேர்த்துக் கம்பெனி கணக்கில் வரவு வைப்பேன். அந்த ஒரு பெரிய கம்பெனிக்கு மட்டும் வருடம் முழுக்க அப்படி எழுதியதன் கூட்டுத்தொகைதான் அந்த அறுபத்திரண்டாயிரம்.

“அப்ப கவருமெண்டுல என்ற பேர்ல அது இருக்கோணுமல்லங்க?”

“இருக்கும்.”

“ஆடிட்டர் பாத்துட்டாருங்க. ஒரு ரூவா இல்லீங்க.”

கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். வருமான வரித் தளத்தில் ஒவ்வொரு பான் எண்ணுக்கும் 26ஏ.எஸ். என்று ஒரு பக்கம் இருக்கும். யார் யார் நம் பெயரில் எவ்வளவு வரி கட்டினார்கள் என்று அதில் தெரியும். மற்ற இரண்டு சின்னக் கம்பெனிகள் கட்டியது இருந்தது. எங்களுக்கு முக்கால்வாசி வேலை கொடுத்த அந்தப் பெரிய கம்பெனியின் பெயரே இல்லை.

“நீங்களா ஒரு தலைப்பு போட்டு அதுக்குள்ள அறுவத்தி ரெண்டாயிரத்த வெச்சிருக்கீங்க. தொறந்து பாத்தா காலியா இருக்குதுங்க” என்றார். குரலை உயர்த்தவில்லை. நூல் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஆறு பேரும் கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

அவருடைய சந்தேகத்துக்கு ஒரு கதை இருந்தது. முன்பு அவரும் அண்ணனும் ஒரே யூனிட்டாக நடத்தினார்கள். எல்லாம் அண்ணன் பெயரில். அங்கே கணக்கு எழுதிய ஆள், வாங்காத நூலுக்குப் பில் வைத்துக் காசை எடுத்துவிட்டான். அவனை வேலைக்கு வைத்தது யார் என்பதில் அண்ணன் தம்பிக்குள் சண்டை முற்றி, நான்கு மெஷினை இரண்டிரண்டாகப் பிரித்து, நடுவில் ஹாலோ பிளாக் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். தம்பி புதிதாக பான், ஜி.எஸ்.டி. எல்லாம் தன் பெயரில் எடுத்தார். பழைய கம்பெனிப் பெயருக்கு முன்னால் ‘நியூ’ என்று ஒரு சொல் மட்டும் சேர்த்துக்கொண்டார். முந்தின வருட ஏப்ரலில், அவர்கள் பிரிந்த கையோடு, நான் சேர்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்து மெஷின் ஓட்டமும் இந்தப் பக்கத்து மெஷின் ஓட்டமும் நாள் முழுக்க ஒன்றாகக் கேட்கும். முதலாளிகள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

என் பக்கமும் ஒரு தப்பு இருந்தது. அந்த 26ஏ.எஸ்.ஸை நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். தளத்தின் பாஸ்வேர்டை அவர் எனக்குத் தர மாட்டார், கேட்டால் “எதுக்குங்க அதெல்லாம்?” என்பார். இரண்டு முறை கேட்டுவிட்டு, போகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு ரோஷம் அதிகம். அந்த ரோஷத்தில் நான் பார்க்காமல் விட்டதுதான் இத்தனை தூரம் வந்தது.

ஜூன் மாதச் சம்பளத்தில் மூவாயிரம் குறைவாக வந்தது. பதினாறாயிரத்துக்குப் பதிமூன்று.

“அது தெரியற வரைக்கும் மாசாமாசம் கொஞ்சம் நிறுத்தி வெச்சுக்கறனுங்க. தப்பா நெனைக்காதீங்க” என்றார்.

வேலையை விட்டுப் போயிருக்கலாம். ஆனால் கணக்கு எழுதுபவர்களுக்கு இந்த ஊரில் வேலை வாய்வார்த்தையில்தான் கிடைக்கும். இவர் ஒரு போன் போட்டு ‘தொகை ஒண்ணு ஒதைக்குதுங்க’ என்று சொன்னால் போதும், ஒரு யூனிட்டிலும் என்னை உட்கார வைக்க மாட்டார்கள். அதனால் இருந்தேன். இருந்தபடி ஒரு காரியம் செய்தேன். அவர் நிறுத்திய மூவாயிரத்தை, என் பெயர் போட்டு, ‘கொடுக்கவேண்டிய சம்பளம்’ என்று புத்தகத்தில் ஏற்றினேன். ஒவ்வொரு மாதமும் ஏற்றினேன். அடுத்த மாதக் கணக்கைப் புரட்டியபோது அவர் கண்ணில் பட்டது.

“இது எதுக்குங்க எழுதுனீங்க?”

“நடந்ததைத்தானங்க எழுதணும்” என்றேன். அவர் காது மடல் சிவந்தது. அதைப் பார்க்க எனக்கு இனித்தது. நான் நல்லவளாக இருந்த காலம் இல்லை அது.

ஜூலை முதல் வாரத்தில், அரை நாள் லீவு போட்டு, பஸ் பிடித்து அந்த எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போனேன். கேட்டில் பெயர் எழுதி, பையைத் திறந்து காட்டி, வரவேற்பில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். கணக்குப் பிரிவின் மேனேஜர் ஒரு பெண். அவர் வாயைத் திறந்ததும் எனக்கு மனசு லேசானது. பேச்சு எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேச்சு.

“அக்கா, நான் கோவில்பட்டிப் பக்கம்” என்றேன், கேட்காமலே.

“அதுக்கு நான் என்ன செய்யணும்?” என்றார். “வந்த விஷயத்தைச் சொல்லு. எனக்குச் சோலி கெடக்கு.”

சொன்னேன். கேட்டுக்கொண்டே கீபோர்டில் தட்டிக்கொண்டிருந்தார்.

“நாங்க மாசம் தவறாம கட்டியாச்சு. வரி பிடிச்சதுக்கு சர்டிபிகேட்டு மெயில்ல போயாச்சு. ஒங்க மொதலாளி பான் நம்பரைத் தப்பாக் குடுத்திருந்தா அதுக்கு நான் பொறுப்பா?”

“சர்டிபிகேட் எங்களுக்கு வரலைக்கா. எந்த மெயிலுக்குப் போச்சுன்னு பாத்துச் சொல்றீங்களா?”

“எத்தன தடவ சொல்லுதேன். போயாச்சுன்னா போயாச்சு.”

ஆனாலும் என் வாயை அடைக்க அவற்றைத் திறந்து, திரையை என் பக்கம் சாய்த்தார். நான்கு சர்டிபிகேட். எங்கள் பெயர், ‘நியூ’ என்ற சொல் இல்லாமல். கீழே பான் எண். அதை நான் பார்த்த கணத்திலேயே அறிந்துகொண்டேன். பிரிவதற்கு முன் அடித்த பில் புத்தகங்கள் எங்கள் யூனிட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அதன் பின்பக்கத்தில்தான் நூல் கலர் எண்களைக் குறிப்போம். முன்பக்கம் புரட்டினால் அண்ணனின் பான் எண் அச்சாகியிருக்கும். அதே எண்.

“இது எங்க மொதலாளி நம்பர் இல்லக்கா. அவரோட அண்ணன் நம்பர். பழைய பார்ட்டி விவரத்தை அப்படியே காப்பி எடுத்துப் புதுப் பார்ட்டின்னு போட்டிருக்கீங்க.”

“அப்படித்தான் குடுத்தாங்க.”

“எங்க பில்லுல ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கு. அதுக்கு நடுவுல இருக்கற பத்து எழுத்துதான் எங்க பான். எல்லா பில்லுலயும் அது சரியா இருக்கு. நாங்க கட்டின ஜி.எஸ்.டி.யை அதை வச்சுச் சரியா ஒங்க கணக்குல கழிச்சுக்கிட்டீங்களே.”

அப்போதுதான் அவர் என்னை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஊர்க்காரி என்ற ஒட்டுதல் துளியும் இல்லை.

“நீ எனக்குக் கணக்கு சொல்லித் தர வந்தியா? ஒங்க மொதலாளிய லெட்டர் குடுக்கச் சொல்லு. சும்மா சும்மா இங்க வந்து நிக்காத.”

செக்யூரிட்டியைக் கூப்பிட்டு என்னை வெளியே கொண்டு விடச் சொன்னார். எனக்கு வழி தெரியும். அவனும் கூடவே வந்தான்.

மறுநாள் முதலாளியிடம் சொன்னபோது, சந்தேகம் தீர்ந்து ஒரு வார்த்தையாவது நல்லதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

“அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்குமல்லங்க?” என்றார்.

“சர்டிபிகேட் அவரோட மெயிலுக்குத்தான் போயிருக்கு.”

“நீங்க போய்க் கேளுங்க. நான் அந்த வாசல மிதிக்க மாட்டனுங்க.”

போனேன். சுற்றிக்கொண்டு அடுத்த தெரு வழியாகப் போக வேண்டும். அண்ணன் என்னை “வாங்க, வாங்க” என்று வரவேற்று, பேன் காற்று படும் நாற்காலியில் உட்கார வைத்து, டீ வரவழைத்தார். தம்பியைவிடப் பத்து வயது மூத்தவர். நெற்றி நிறைய விபூதி. விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

“ஆமாங்க, வந்துச்சுங்க. ரீபண்டு போன வாரம் பேங்குல ஏறிருச்சு. என்ற பேருக்கு வந்தது என்றதுதானுங்களே?”

“உங்க பில்லுக்குப் பிடிச்சது இல்லைங்களே அது.”

“அம்மிணி, அந்த ரெண்டு மெஷினு யாரு காசுல வாங்குனதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? எடம் யாரு பேர்ல இருந்துச்சு? அவன் எனக்குத் தரவேண்டியது எத்தனையோ கெடக்குது. அதுல இதக் கழிச்சுக்கச் சொல்லுங்க.” டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். “டீ ஆறுது, குடிங்க.”

குடிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். என் சம்பளத்தில் மாதம் மூவாயிரம் போவதும், அந்த மனிதர் தெரிந்தே அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன.

நேரான வழி ஒன்று இருந்தது. முதலாளி கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தால், கம்பெனி தான் தாக்கல் செய்ததைத் திருத்தி, பான் எண்ணை மாற்ற வேண்டும். கடிதத்தை நானே எழுதி, எல்லா பில்லின் நகலையும் வைத்துத் தைத்து, மேசையில் வைத்தேன். அது பத்து நாள் அங்கேயே கிடந்தது.

“கம்பெனிய மொறைச்சுக்கிட்டா அடுத்த ஆர்டர் யாருங்க தருவா? அந்தம்மா ஒரு வார்த்த சொன்னா போதும், வேல நின்னுரும்” என்றார்.

“அப்ப என் சம்பளத்தைக் குடுத்துடுங்க. பணம் எங்க இருக்குன்னுதான் தெரிஞ்சுபோச்சே.”

“கைக்கு வரட்டுமுங்க.”

அன்றைக்கு அவரை நான் வெறுத்த அளவுக்கு என் வாழ்க்கையில் யாரையும் வெறுத்ததில்லை. அண்ணன் வஞ்சகன் என்றாலும் அவனுக்கு ஒரு நோக்கம் இருந்தது. இவருக்குக் கம்பெனியிடம் பயம், அண்ணனிடம் வீம்பு. இரண்டுக்கும் நடுவில் கை எட்டும் தூரத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

அந்த வருட வரிக் கணக்கை ஆடிட்டர் அறுபத்திரண்டாயிரத்தையும் கழித்தே தாக்கல் செய்தார். ஐப்பசி வாக்கில் வருமான வரித்துறையிலிருந்து தாள் வந்தது: நீங்கள் கழித்துக்கொண்ட தொகை உங்கள் பெயரில் இல்லை, வட்டியோடு கட்டுங்கள். முதலாளி அதை என் மேசையில் போட்டுவிட்டுப் போனார். தாள் வழுக்கிக் கீழே விழுந்தது. நான் எடுக்கவில்லை. சாயங்காலம்வரை அது அங்கேயே கிடக்க, எல்லோரும் தாண்டிப் போனார்கள்.

தீபாவளி போனஸ் எல்லோருக்கும் கொடுத்தார், எனக்கும். பிடித்தத்தை மட்டும் நிறுத்தவில்லை. ஜனவரி முடிய எட்டு மாதத்தில் என் பெயரில் புத்தகத்தில் இருபத்து நான்காயிரம் நின்றது.

மாசி மாதம் ஒரு பகலில், மெஷினுக்கு எண்ணெய் போடுவதற்காக ஓட்டத்தை நிறுத்தியிருந்த நேரம், அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. கையில் ஒரு கவர்.

“அம்மிணி, உங்க மொதலாளிகிட்டச் சொல்லுங்க. இந்த நோட்டீச என்னன்னு பாக்கச் சொல்லுங்க” என்றார். முதலாளி நான்கடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நான் வாங்கிப் படித்தேன். வரித்துறை அவரிடம் கேட்டிருந்தது எளிய கேள்வி. அறுபத்திரண்டாயிரம் வரி உங்களுடையது என்று வாங்கிக்கொண்டீர்கள். அது அறுபத்திரண்டு லட்சம் ரூபாய் பில்லுக்குப் பிடித்த வரி. அந்த அறுபத்திரண்டு லட்சத்தை உங்கள் வரவில் ஏன் காட்டவில்லை? காட்டியிருந்தால் அதன் லாபத்துக்கு அவர் வரி கட்ட வேண்டும். வாங்கிய ரீபண்டைவிட அது கூடுதல்.

சத்தம் போட்டுப் படித்தேன். வேண்டுமென்றேதான். நூல் வெட்டும் பெண்களுக்குக் கேட்கட்டும் என்று படித்தேன்.

“அவருகிட்டக் கேளுங்க” என்றார் முதலாளி என்னைப் பார்த்து. “என்ற பேருக்கு வந்தது என்றதுதான்னு சொன்னாரல்ல. அப்ப அந்த லட்சமும் அவருதுதான. வரியக் கட்டச் சொல்லுங்க.”

“இவன்ற பில்லுக்கு நான் எதுக்குங்க அம்மிணி வரி கட்டோணும்?”

“அந்தப் புத்தி வாங்கறப்ப எங்க போச்சுன்னு கேளுங்க.”

“மெஷினு வாங்கறப்ப இவன்ற புத்தி எங்க போச்சுன்னு நீங்க கேளுங்க.”

இருவரும் என் முகத்தைப் பார்த்தே பேசினார்கள். கொஞ்ச நேரம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பிறகு நிறுத்தச் சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததென்று தெரியவில்லை. எட்டு மாதக் கோபத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

“ரெண்டு பேரும் கேளுங்க. கம்பெனி திருத்தாம ரெண்டு பேருக்கும் விடிவு இல்ல. அண்ணன், அந்த பில்லெல்லாம் தன்னோடது இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். தம்பி, அது தன்னோடதுன்னு போடணும். ரெண்டு லெட்டரும் சேர்ந்து போனாத்தான் அந்தம்மா மறுக்க முடியாது. லெட்டரை நான் எழுதறேன். அதுக்கு முன்னால எனக்கு இருபத்து நாலாயிரம் வரணும்.”

“என்னங்க இருவத்து நாலாயிரம்?” என்று அண்ணன் கேட்டார்.

“இந்த டி.டி.எஸ்.ஸை நான் எடுத்துட்டேன்னு சொல்லி, மாசம் மூவாயிரம் சம்பளத்துல பிடிச்சிருக்காங்க. உங்க பேங்குல இருந்த பணத்துக்கு.”

அண்ணன் தம்பியைப் பார்த்தார். வருடக்கணக்கில் பேசாமலிருந்தவர் அப்போது நேராகப் பேசினார்.

“வேல செய்யற பொம்பளைகிட்டயா புடிச்ச?”

அதைச் சொல்ல அவருக்கு எந்த யோக்கியதையும் இல்லை. ஆனால் அவர் சொன்னது வேலை செய்தது. முதலாளி யாரையும் பார்க்காமல் போனை எடுத்தார். இரண்டு நிமிடத்தில் என் கணக்கில் பணம் ஏறியது. மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. நான் கம்ப்யூட்டரைத் திறந்து என் பெயரில் இருந்த பாக்கியை அவர் கண்ணெதிரிலேயே தீர்த்து எழுதினேன். பிறகு இரண்டு கடிதம் அடித்தேன். கையெழுத்துப் போட ஒரே பேனாதான் இருந்தது. அண்ணன் போட்டுவிட்டு அதைத் தம்பியிடம் கொடுக்காமல் மேசையில் வைத்தார்.

கம்பெனி மேனேஜர் இரண்டு கடிதத்தையும் நோட்டீஸ் நகலையும் நின்றபடியே படித்தார். இந்த முறை நான் அனுமதி கேட்காமல் எதிரில் உட்கார்ந்தேன்.

“என் வேலைக்கு உலை வைக்கணும்னே வந்தியா?”

“இல்லக்கா. போன வருசமே சொன்னேன். அப்பவே மாத்தியிருந்தா உங்க மேலிடத்துக்குத் தெரியாம முடிஞ்சிருக்கும்.”

“ஊர்க்காரியாம் ஊர்க்காரி” என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. ஒரு மாதம் கழித்து எந்தத் தகவலும் இல்லாமல் திருத்தம் ஏறியது. 26ஏ.எஸ். பக்கத்தில் அந்தக் கம்பெனியின் பெயர் மூன்று மாதத்துக்கு ஒன்றாக வரிசையாக நின்றது. நான் புத்தகத்தில் எழுதிய தொகையோடு ஒப்பிட்டேன். பைசா பிசகவில்லை. முதலாளிக்கு வந்திருந்த நோட்டீஸும் அதோடு தீர்ந்தது. அண்ணன் வாங்கிய ரீபண்டை வட்டியோடு வரித்துறைக்குத் திருப்பிக் கட்டினார். அந்த வட்டிக்காகத் தம்பியை இன்றைக்கும் திட்டுகிறாராம். கம்பெனி, சுவரின் இரு பக்கத்துக்கும் ஆர்டரைப் பாதியாகக் குறைத்துவிட்டது. முதலாளி பயந்தது அதில் சரியாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் எழுதுகிறேன்.

ஏப்ரல் முடிவில் அவரே கூப்பிட்டார். “வேல கொறைஞ்சு போச்சுங்க. இதுக்குன்னு தனியா ஆள் வெச்சாக் கட்டுபடியாகாதுங்க. உங்களுக்கு நல்ல எடமா கெடைக்குமுங்க.” அது பாதிதான் உண்மை. அண்ணனுக்கு முன்னால் அவரைத் தலைகுனிய வைத்தவளைத் தினமும் எதிரில் வைத்துக்கொண்டு உட்கார அவரால் முடியவில்லை. நானாக இருந்தாலும் முடிந்திருக்காது. சாவியைக் கொடுத்தேன். அவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். இந்த ஊர் மரியாதை.

இப்போது மூன்று சின்ன யூனிட்டுகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். பாஸ்வேர்டு தராதவர்களின் வேலையை எடுப்பதில்லை. போன மாதம், நான் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய எண்ணிலிருந்து போன் வந்தது.

“அம்மிணி, நல்லா இருக்கீங்களா? ஒரு புதுக் கம்பெனிக்காரன் ரெண்டு பர்சன்ட் புடிச்சிருக்கானுங்க. அது செரிதானுங்களா?”

“தனி ஆள் பேர்ல இருக்கற யூனிட்டுக்கு ஒண்ணுதாங்க. பான் நம்பரை என்னன்னு போட்டிருக்காங்கன்னு மொதல்ல பாருங்க” என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் வைத்துவிட்டேன். பதில் சொல்லியிருக்கவே கூடாது என்று அன்று முழுக்க என்மேலேயே எரிச்சலாக இருந்தது.